ஏழாம் நம்பர் ட்யூப்

மார்ச் 4

தேர்வாகிவிட்டேன். மெயிலை எட்டு முறை படித்தேன். எட்டு முறையும் என் பெயர் இருந்தது.

பின்னால் நான் பெரிய ஆளானதும் இந்த நோட்டைத் தேடுவார்கள், அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நிலாரா கம்பெனி இந்தக் கோடைக்கு மூன்று பொருள் இறக்குகிறது. ஒரு சன்ஸ்கிரீன், ஒரு அரிசித் தண்ணீர் சீரம், ஒரு லிப் பாம். எது ஓடும், எது படுக்கும், ஏன் என்று காரணத்தோடு வீடியோ போட வேண்டும். மே 10 அன்று விற்பனைக் கணக்கை வெளியிடுவார்கள். யார் சொன்னது சரியோ அவருக்குச் சென்னை அலுவலகத்தில், ட்ரெண்ட் டீமில், ஒரு வருடம் வேலை. விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். எடுத்தது ஆறு பேர்.

மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் அழகுக்கலைப் படிப்பு முடித்தவர்கள். நான் பி.காம்., ஒரு அரியர், தூத்துக்குடி. எனக்குச் சொல்லிக்கொடுத்தது போன்தான். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்து வாசித்துத்தான் கற்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சென்னையில் தண்ணி எப்படி என்று கேட்டாள்.

மார்ச் 7

போட்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப். கோவைக்காரி ஒருத்தி எழுதியிருந்தாள்: "தூத்துக்குடில யாருப்பா சன்ஸ்கிரீன் போடுறா?" கீழே மூன்று பேர் சிரித்திருந்தார்கள்.

எங்க ஊரில் வெயில் மேலிருந்து மட்டும் வராது தங்கச்சி. உப்புப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் வரும். அம்மாவுக்கு மூக்கின் அடிப்பக்கம் கறுத்திருக்கும், தாடைக்குக் கீழே கறுத்திருக்கும். எந்தப் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது?

இதை குரூப்பில் போடவில்லை. என் வீடியோக்களில் பின்னால் எப்போதும் ஒரு ஊதாத் துணிதான் தொங்கும். வீடு தெரியாது, அம்மாவின் வேலையும் தெரியாது. லைட்டிங்குக்காக.

மார்ச் 8

ஆனால் குளித்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்துவிட்டது. சன்ஸ்கிரீனைச் சோதிக்க உப்பளத்தைவிடப் பெரிய லேப் எது? அங்கே நிற்கிறதென்றால் எங்கேயும் நிற்கும். நிலாராவுக்கு எழுதினேன்: பன்னிரண்டு ட்யூப் வேண்டும், பன்னிரண்டு உப்பளப் பெண்கள் போட்டுப் பார்ப்பார்கள். அரை மணியில் ரெஷ்மி மேடம் பதில் போட்டார். அவர்தான் போட்டியை நடத்துபவர். மூன்று இதயம் போட்டிருந்தார்.

மார்ச் 12

ட்யூப்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அழியாத மார்க்கரால் 1 முதல் 12 வரை நம்பர் எழுதினேன். பாத்தி வரப்பில் வைத்துக் கொடுத்தேன். எத்தனையோ வருடம் கழித்து அங்கே போனேன். கண் கூசியது.

இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்தெல்லாம் தடவ வேண்டும், குறைத்தால் வேலை செய்யாது என்று சொன்னேன். செய்தும் காட்டினேன். முத்துக்கனி அக்கா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை கேட்டாள். ஐநூறு என்றேன்.

"ஏ இசக்கி, இதப் போட்டு நாங்க சட்டி தூக்குனா உப்புக்கு வெக்கம் வந்துரும்டி."

சந்தனமாரி சித்தி பக்கத்திலிருந்து, "ஒம் மூஞ்சியப் பாத்து உப்பு எப்பவோ கரைஞ்சு போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு ஒன்றாம் நம்பர். முத்துக்கனி அக்காவுக்கு ஏழு.

மார்ச் 15

தினமும் மத்தியானம் அவர்கள் வேலை முடிந்து வரும்போது ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் நோட்டோடு நிற்கிறேன். எரிந்ததா, வெள்ளையாகத் திட்டு நின்றதா, பிசுக்கா? பன்னிரண்டில் பதினொரு பேர் "நல்லாருக்கு." ரோசம்மாள் மட்டும் வாசனை கூடுதல் என்றாள்.

மார்ச் 17

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம். பாமாயில் இல்லை. அம்மாவுக்குக் கண் சிவந்திருக்கிறது. உப்புக்காத்து என்றாள். பன்னிரண்டில் பன்னிரண்டும் "நல்லாருக்கு" ஆகிவிட்டது, ரோசம்மாளுக்கு வாசனை பழகிவிட்டதாம்.

மார்ச் 19

கணிப்பு வீடியோ போட்டுவிட்டேன். ஊதாத் துணி இல்லை. உப்பளத்தில் நின்றேன். பின்னால் உப்பு அம்பாரம், அம்மா தலையில் உப்புச் சட்டியோடு நடந்து வருகிறாள். அவளே "எடு" என்றாள்.

சொன்னது இதுதான். அரிசித் தண்ணீர் சீரம் படுக்கும், அந்த மோகம் போன வருடமே முடிந்துவிட்டது. லிப் பாம் நடுவில் நிற்கும். சன்ஸ்கிரீன் முதலிடம், ஏனென்றால் உப்பளத்தில் பன்னிரண்டு பெண்கள் வேர்வையில் போட்டு வேலை செய்து எரியவில்லை என்கிறார்கள்.

என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதையும் கடைசியில் சொன்னேன்: சூப்பர் என்ற கமெண்டை நம்பாதே, காலி ட்யூபை நம்பு. முழுசாகத் தீர்த்தவள் பொய் சொல்ல மாட்டாள்.

மார்ச் 23

நாலு லட்சம் பேர். நாலு லட்சம்.

கோவைக்காரி குரூப்பில் கைதட்டும் பொம்மை போட்டாள். நான் பதில் போடவில்லை. போட்டதைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் தெரியட்டும்.

ரெஷ்மி மேடம் போனில் கூப்பிட்டார். வீடியோவை விளம்பரமாக ஓட்டலாமா, அம்மா நடந்து வருகிற காட்சி அற்புதம் என்றார். அம்மா கைரேகை மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள். விளம்பரத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: உப்பளமே சொல்லிருச்சு.

மார்ச் 29

அம்மா முழங்காலில் சிராய்ப்பு. வரப்பு வழுக்கியதாம். இருபத்து நாலு வருடம் நடக்கிற வரப்பு. மஞ்சள் வேண்டாம், மருந்து போடு என்று சண்டை போட்டேன். மஞ்சள்தான் போட்டாள்.

ஏப்ரல் 2

வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தாள். பெயர் கயல்மதி. அவளும் உப்பளம். "அக்கா உங்க வீடியோ பாத்தோம், நாங்க அஞ்சு பேரு சேந்து ஒரு ட்யூப் வாங்குறோம். போட்டுட்டு வேல செய்யலாமுல்ல?"

தாராளமாக என்று போட்டேன். இரண்டு விரல் அளவு என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 9

ரெஷ்மி மேடம் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல் பார்த்து வையுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு மாடியில் போய்க் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார்.

ஏப்ரல் 16

முத்துக்கனி அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஆறுமுகநேரி. நானும் அம்மாவும் போனோம். பந்தி முடிந்து தட்டு மாற்றினார்கள். பெண் வீட்டார் வைத்த சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. பழத் தட்டு, புடவைத் தட்டு, அப்புறம் அலங்காரத் தட்டு. அதில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, சந்தன சோப்பு. நடுவில் சரிகைக் காகிதம் சுற்றி, செங்குத்தாக நிறுத்திவைத்து, நிலாரா சன்ஸ்கிரீன்.

காகிதத்துக்குக் கீழே மார்க்கரால் 7.

மூடியின் சீல்கூடக் கிழியவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா அதை எடுத்துப் பார்த்து, "நல்ல கம்பெனிதான், விளம்பரத்துல வருதே" என்று சொல்லித் திரும்ப வைத்தாள். முத்துக்கனி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். பாயசம் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனவள் வரவேயில்லை.

ஏப்ரல் 17

வீடு வீடாகப் போனேன். கெஞ்சி, மிரட்டி, அம்மாவுடையது தவிர பதினொரு ட்யூபையும் வாங்கி அண்ணாச்சி கடைத் தராசில் நிறுத்தேன். ஆறு ட்யூபில் சீல் அப்படியே இருக்கிறது. ஐந்தில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு எடுத்திருக்கிறார்கள், அதுவும் கோயில் கொடை விழாவுக்குப் போகும்போது. அந்த ஐந்தில் சந்தனமாரி சித்தியுடையது கல்லூரியில் படிக்கிற மகளின் பையில் இருந்தது.

பன்னிரண்டு "நல்லாருக்கு." கமெண்டை நம்பாதே என்று ஊருக்குச் சொல்கிறவள் நோட்டு முழுக்க கமெண்டை எழுதிவைத்திருக்கிறேன். ஒருநாள் நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முத்துக்கனி அக்காவிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"ஐநூறு ரூவா சாமான வேர்வையில ஓட்டவா சொல்லுத? எம் மவளுக்கு வைக்காம எனக்கா வைப்பேன்? நீ நோட்டத் தூக்கிட்டு வந்து நின்ன, மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. ஒனக்கு என்ன வேணுமோ அதச் சொன்னோம்."

வீட்டுக்கு வந்து அம்மாவின் ட்யூபைக் கேட்டேன். இல்லை, தீந்துபோச்சு என்றாள். நம்பாமல் குப்பைக்கூடையில் தேடினேன். இருந்தது. கத்தரியால் இரண்டாக வெட்டி, உள்ளே விரல் விட்டு வழித்திருக்கிறாள். ஒன்றாம் நம்பர். சுத்தமாகக் காலி.

ஒருத்தி மட்டும் சொன்னபடி போட்டிருக்கிறாள். தினமும் இரண்டு விரல்.

"எரிஞ்சுதாம்மா?"

"எரியத்தான் செஞ்சிச்சு."

"ஏன் சொல்லல?"

"எரியுதுன்னா ஒனக்கு மார்க்கு கொறஞ்சிரும்லா."

முழங்காலைப் பற்றிக் கேட்டேன். சட்டி தலையில் இருந்தது, இரண்டு கையும் மேலே, வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை, கண்ணை மூடிக்கொண்டே நாலு எட்டு வைத்தாளாம். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 18

ஒருத்தி சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது. நானே போனேன். விடியும் முன்னாலேயே ஏழாம் நம்பரைத் தவிர மற்றதில் ஒன்றைப் பிரித்து இரண்டு விரல் தடவிக்கொண்டு, அம்மாவின் பழைய சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, சட்டி தூக்கினேன். கங்காணி சிரித்தார். ஒன்பது மணிவரை ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

ஒன்பதரைக்கு வேர்வை நெற்றியிலிருந்து இறங்கியது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டதுபோல. சட்டியைப் போட்டுவிட்டேன். உப்பு பாத்தித் தண்ணீரிலேயே கொட்டிவிட்டது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் உப்பு.

அம்மா தன் குடிதண்ணீர் முழுவதையும் என் முகத்தில் ஊற்றினாள்.

இந்த எரிச்சலோடு முப்பது நாள் நடந்திருக்கிறாள். இப்போது அந்த ஐந்து பேர் வேதாரண்யத்தில் நடக்கிறார்கள். நான் தாராளமாக என்று சொன்னேன்.

கயல்மதிக்குச் செய்தி போட்டேன்: போடாதீங்க, வேலைக்குப் போகும்போது போடாதீங்க. ஒற்றை டிக்தான் விழுகிறது.

ஏப்ரல் 20

ரெஷ்மி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தராசு எடை, என் கண், அம்மா விழுந்தது, எல்லாம். விளம்பரத்தை நிறுத்துங்கள் என்றேன். நிறுத்த முடியாது, பல ஊரில் ஓடுகிறது, விற்பனை ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் கணிப்புதான் பலிக்கப் போகிறதாம், வேலை கைக்கு வந்துவிட்டதாம், இந்த நேரத்தில் எதற்கு என்றார்.

"கொஞ்சம் எரியறது நார்மல், இசக்கி. எல்லா பிராண்டும் அப்படித்தான்."

"எல்லா பிராண்டும் எங்கம்மா மூஞ்சிய வச்சு விக்கலையே மேடம்."

பிறகு, மாற்றி வீடியோ போட்டால் போட்டியிலிருந்து நீக்க வேண்டியிருக்கும், விதி பதினான்கு, வாசித்துப் பாருங்கள் என்றார். வாசித்தேன். இருக்கிறது.

அந்த வேலை எனக்கு வேண்டும். இதை ஒருமுறை எழுதிவிடுகிறேன், இனி எழுத மாட்டேன். ஹாஸ்டலுக்குப் போர்வைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 21

வீடியோவுக்கு உட்கார்ந்தேன். நான் பேசினால் வியூஸுக்காக என்பார்கள் என்று பயம். மூன்று முறை எடுத்து மூன்றையும் அழித்தேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "எந்திரி" என்றாள். என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்யக்கூட இல்லை.

"நான் பேச்சியம்மா. அந்த வெளம்பரத்துல சட்டி தூக்கிட்டு வாரது நாந்தான். அதப் போட்டு வேல செஞ்சா கண்ணு எரியும். எம்மவ செயிக்கட்டும்னு எரியலன்னு பொய் சொன்னேன். இப்ப உள்ளதச் சொல்லுதேன். கல்யாணத்துக்குப் போறவிய போடுங்க. தலையில செமை தூக்குறவிய போடாதிய."

அவ்வளவுதான். இருபத்தாறு நொடி. ஒரு வெட்டு இல்லை, பாட்டு இல்லை. அதற்குப் பின்னால் நான் தராசு எடையைக் காட்டினேன், தப்பு யாருடையது என்றும் சொன்னேன். கேட்டேன், நிறுக்கவில்லை. தப்பு என்னுடையது.

ஏப்ரல் 22

மெயில் வந்துவிட்டது. நீக்கம். வீடியோவை அழிக்கச் சொல்லி இரண்டு பத்தி. அழிக்கவில்லை.

ஏப்ரல் 24

காசு வாங்கிப் பேசுகிறாளாம் அம்மா. நடிக்க வைத்தேனாம். எண்ணூறு பேர் என்னைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். கோவைக்காரி மட்டும் தனியாக எழுதினாள்: "எனக்கும் எரிஞ்சுது. நான் ஏசி ரூம்ல போட்டேன், அதுக்கே." வெளியில் சொல்வாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கட்டும்.

ஏப்ரல் 27

கயல்மதியின் டிக் இரண்டாகியது. போனில் காசு போடாமல் இருந்தாளாம். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு எரிந்து, நிறுத்திவிட்டார்கள். யாரும் விழவில்லை. அதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது கேட்டாள்: "அப்ப எதத்தான் போடுறது அக்கா?"

தெரியாது என்று எழுதினேன். என் பக்கத்தைத் தொடங்கியதிலிருந்து அந்த வார்த்தையை முதல்முறையாக எழுதினேன்.

மே 10

முடிவு வந்துவிட்டது. முதலிடம் சன்ஸ்கிரீன். இரண்டு லிப் பாம். சீரம் படுத்துவிட்டது. நான் மார்ச்சில் சொன்னது வரிசை மாறாமல் அப்படியே நடந்திருக்கிறது. வேலை திருச்சியிலிருந்து ஒருத்திக்கு. வாழ்த்து சொன்னேன், நிஜமாகவே சொன்னேன்.

எது விற்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. எது வேலை செய்யும் என்று தெரியவில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி இரண்டாவதைத்தான் கணிக்கப் போகிறேன். அதற்கு எவனும் போட்டி வைக்க மாட்டான். பரவாயில்லை.

மே 12

உப்பளத்துக்குப் போனேன். அத்தனை பேரையும் வரப்பில் உட்கார வைத்துச் சொன்னேன். கண் எரியாது என்று எழுதி விற்கிற சன்ஸ்கிரீன் எத்தனையோ இருக்கிறது, அத்தனைக்கும் கடிதம் போடப் போகிறேன், அனுப்பினால் சோதிப்போம். இந்தத் தடவை நிறுப்பேன். பொய் சொன்னால் தராசு சொல்லிவிடும்.

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழைய கோபம் இன்னும் இருக்கிறது, ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு போனேன் அல்லவா. கடைசியில் முத்துக்கனி அக்கா ஒரு நிபந்தனை சொன்னாள். சந்தனமாரி சித்தி இன்னொன்று சேர்த்தாள். அம்மாவும் ஒன்று சொன்னாள், சோதனை நடக்கிற நாளெல்லாம் நானும் சட்டி தூக்க வேண்டுமாம். மூன்றுக்கும் சரி என்றேன்.

மே 13

பதினொரு கம்பெனிக்கு மெயில் போயிருக்கிறது. தமிழில்தான் எழுதினேன். புரியாதவர்கள் யாரிடமாவது கேட்டு வாசிக்கட்டும்.

"பன்னிரண்டு பேர் வேர்வையில் போட்டு வேலை செய்து பார்ப்போம். அரை நாள் கூலி தர வேண்டும். எரிந்தால் எரிந்தது என்று உங்கள் பெயரோடு போடுவோம், எங்கள் படத்தை நீங்கள் போடக் கூடாது. ஆளுக்கு இரண்டு ட்யூப் அனுப்ப வேண்டும். ஒன்று எங்கள் முகத்துக்கு. இன்னொன்று எங்கள் பிள்ளைகளுக்கு. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதை நாங்கள் திறக்க மாட்டோம்."

பன்னிரண்டாவதாக நிலாராவுக்கும் அனுப்பினேன். அவர்களிடம் மட்டும், எரிந்த கண்ணுக்கு வட்டியாக, ஆளுக்கு மூன்று கேட்டிருக்கிறேன்.